கரையில் ஏறும் முன் கொஞ்சம் நடங்கள்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில், ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டினால் ஆழ்வார்திருநகரி. நம்மாழ்வார் பிறந்த ஊர் என்று உறங்காப்புளியைக் கும்பிட வருபவர்கள் அதிகம். நான் போனது வாய்க்கால் கரையைப் பார்க்க. ‘மின்சார மினி டிராக்டர் வாங்கி, கரைச்சரிவில் புல் வெட்டலாமா?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில்தான் இருக்கிறது. நெல்லும் வாழையும் நிற்கும் சமதள பூமி. இங்கே சரிவு என்றால் கரைதான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியதே, அப்போது இந்தப் பக்கத்திலும் பல கரைகள் உடைந்தன.

வாழைக்காரர் ஒருவர் இடது காலைச் சற்றே இழுத்து நடந்தபடி கூட வந்தார்.

“அண்ணாச்சி, காலில் என்ன?”

“டீசல் வண்டிதான் தம்பி. கரைக்குக் குறுக்கே ஓட்டினேன். புல்லுக்குள்ள நண்டு வளை இருந்தது தெரியல. மேல் பக்கச் சக்கரம் தூக்கிட்டு. கீழ்ப் பக்கமா குதிச்சேன், வண்டியும் அந்தப் பக்கமே வந்துட்டு.”

இப்போது முதலில் கம்பு ஊன்றி நடந்து பார்க்கிறார். பனி காயாமல் வண்டியை எடுப்பதில்லை. குறுக்கே ஓட்டாமல் நேராக ஏறி, நேராக இறங்குகிறார். இரு சக்கர இழுவை வண்டி என்றால் ரிவர்ஸில் ஏறுவது நல்லது. முன்பக்கம் தூக்கி மல்லாக்கச் சாயாது. இறங்கும் முன்பே சின்ன கியரைப் போட்டுவிட வேண்டும், பாதியில் கிளட்சை மிதிக்கக் கூடாது. பிரேக் பின்சக்கரத்தில் மட்டும்தான் பிடிக்கும். இறக்கத்தில் பாரம் முன்னே போய்விடுவதால், ஈரப் புல்லில் சக்கரம் நின்றாலும் வண்டி வழுக்கும்.

மின்சார வண்டிக்கும் இதெல்லாம் பொருந்தும். சொனாலிகாவின் மின்சார டிராக்டர் 2020-லேயே வந்துவிட்டது. துர்காபூர் மத்திய ஆய்வகமும் 2023-ல் ஒரு சிறிய டிராக்டரை அறிமுகப்படுத்தியது. சத்தம் குறைவு, புகை இல்லை. ஆனால் மோட்டாரே வேகத்தைப் பிடிக்கும் வண்டிகளில், பேட்டரி நிறைந்திருந்தால் அந்தப் பிடிப்பு குறையலாம். முழு சார்ஜோடு முதல் வேலையாகச் சரிவில் இறக்க வேண்டாம். சத்தமில்லாததால் பின்னால் பிள்ளைகள் நிற்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தலைக்கு மேல் பாதுகாப்புச் சட்டம் இருந்தால் பெல்ட் போட்டே ஓட்டுங்கள், சாய்ந்தாலும் குதிக்காதீர்கள். சட்டம் இல்லாத வண்டியைச் சரிவுக்கே கொண்டுபோகாதீர்கள்.

“அப்போ அந்தச் செங்குத்தான இடத்தை என்ன செய்வீங்க?” என்றேன்.

“அதுக்குத்தான் ஆடு கிடக்கே” என்றார்.