சக்கரம் தரையில் நிற்கையில்

வீட்டு வாசலில் ஜாக்கி வைத்து முன் ஸ்ட்ரட்டையும் லோயர் ஆர்மையும் தாமே மாற்றிக்கொண்டு, அதற்குப் பிறகு முன்பு இல்லாத ஒரு சத்தம் வருகிறது என்று என் பட்டறைக்கு வருகிற இளைஞர்கள் ஓசூரில் பெருகிவருகிறார்கள். பெரும்பாலோர் சிப்காட் தொழிற்சாலைகளில் நல்ல உத்தியோகத்தில் இருப்பவர்கள், யந்திரங்களோடு பழகியவர்கள். தன் வண்டியைத் தானே பழுது பார்க்க வேண்டும் என்கிற அவர்களுடைய ஆசையை நான் குறைத்து மதிப்பவன் அல்லன். ஆனால், பாகம் மாற்றுவது ஒரு காரியம், சத்தம் எங்கே பிறக்கிறது என்று காண்பது முற்றிலும் வேறான காரியம் என்பதையும், அந்த இரண்டாவது காரியமே எங்கள் தொழிலின் ஜீவன் என்பதையும், இந்த ஆண்டோடு பட்டறையை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கப்போகிற நான் எழுதி வைக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

சென்ற மழைக்காலத்தில் வந்த ஒரு ஸ்விஃப்ட்டைப் பற்றிச் சொன்னால் விஷயம் விளங்கும். பாகலூர் சாலைப் பக்கம் குடியிருக்கும் ஒரு எஞ்சினீயருடைய வண்டி அது. ஸ்ட்ரட், ஆர்ம் எல்லாம் இரண்டு பக்கமும் புதிதாகப் போட்டிருந்தார். தேசிய நெடுஞ்சாலையில் சூளகிரி வரைக்கும் போய் வந்தால் ஒரு குறையும் தெரியாது. தெருவுக்குள் திரும்பி, சிறு சிறு மேடு பள்ளங்களில் மெதுவாக உருட்டும்போது, காலடியில் யாரோ சுத்தியலால் லேசாகத் தட்டுகிற மாதிரி 'டக் டக்' என்று கேட்கும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது அதோடு ஒரு நீண்ட முனகலும் சேர்ந்துகொள்ளும். லிங்க் ராடு போயிருக்கும் என்று நினைத்து அவர் லிங்க் ராடு மாற்றினார். சத்தம் நிற்கவில்லை. டாப் மவுண்ட் பேரிங் என்று யாரோ சொல்ல, அதையும் வரவழைத்து மாற்றினார். அப்போதும் நிற்கவில்லை. கடைசியில், வாங்கின ஸ்ட்ரட்டே போலி என்று தீர்மானித்து, வேறு ஜோடி வாங்கும் யோசனையில் இருந்தவரை, அவருடைய மாமனார் என்னிடம் அழைத்துவந்தார்.

இந்த ஸ்ட்ரட்டுக்கு நெடிய சரித்திரம் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸில் இருந்து ஃபோர்டுக்குப் போன ஏர்ல் மெக்பெர்சன் என்ற அமெரிக்கர் வகுத்த அமைப்பு அது. 1950-இல் இங்கிலாந்தில் ஃபோர்டு கான்ஸல், ஸெஃபிர் வண்டிகளில் வந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்த பிறகு நம் நாட்டுத் தெருக்களில் நிரந்தரமாகக் குடியேறியது. ஷாக், ஸ்பிரிங், சக்கரத்தைத் திருப்புகிற அச்சு ஆகிய மூன்றையும் ஒரே தூணில் அடக்கிவிட்ட சாமர்த்தியம் அதில் இருக்கிறது. ஆனால் அந்தத் தூணின் உச்சியில் ஒரு நட்டு இருக்கிறதே, அது தளர்ந்தால் வண்டி முழுவதும் பேசும்.

எஞ்சினீயர் நட்டுகள் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டேன் என்று சொன்னார். நான் ஸ்பானரைத் தொடவில்லை. முதலில் டிக்கியைக் காலி செய்யச் சொன்னேன். ஜாக்கி, ஸ்டெப்னி, குழந்தையின் மட்டை எல்லாம் கீழே இறங்கின. பிறகு அவரையே ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏனென்றால், சத்தம் அவர் ஓட்டுகிற ஓட்டத்தில்தான் பிறக்கிறது, என் ஓட்டத்தில் பிறக்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. பிரேக்கை லேசாக அழுத்தியபடி அதே பள்ளங்களில் போகச் சொன்னேன், சத்தம் மாறவில்லை, ஆகவே காலிபரும் பேடும் கழிந்தன. இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறுகிற வேகத்தடையிலும், ஒரு சக்கரம் மட்டும் விழுகிற தெரு ஓரத்திலும் மாற்றி மாற்றி ஓட்டச் சொன்னேன். இரண்டிலும் ஒரே மாதிரி தட்டிற்று. இரண்டு பக்கமும் சமமாக ஏறினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொள்ளாது அல்லவா, ஆகவே லிங்க் ராடும் கழிந்தது. நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினோம், ஸ்பிரிங் குதிக்கவில்லை, பேரிங்கும் கழிந்தது. அவர் பணம் கொடுத்து மாற்றிய இரண்டு பாகங்களும் இப்படி ஒரு ரூபாய்ச் செலவில்லாமல் விசாரணையிலேயே விடுதலை ஆகியிருக்க வேண்டியவை.

இந்த விசாரணை முறையை எனக்குக் கொடுத்தவர் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டறை வைத்திருந்த எங்கள் உஸ்தாத். அவரைப் பற்றிக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. லாரிக்காரர்களிடம் தெலுங்கும், அத்திப்பள்ளிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம் கன்னடமும், எங்களிடம் உருதும் தமிழும் கலந்து பேசுகிற அந்த மனிதர், சத்தம் என்று சொல்லிக்கொண்டு எந்த வண்டி வந்தாலும், பையன்கள் ஸ்பானர் எடுப்பதை அனுமதிக்க மாட்டார். வண்டிக்காரரை பெஞ்சில் உட்காரவைத்து, டீ வரவழைத்து, கேள்விகள் கேட்பார். காலையில் வருகிறதா, வெயில் ஏறின பிறகு வருகிறதா? மழையில் நனைந்தால் நிற்கிறதா? பாரம் ஏற்றினால் கூடுகிறதா, குறைகிறதா? கடைசியாக இந்த வண்டியைத் திறந்தது யார், எதைத் திறந்தார்? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் வராமல் அவர் எழுந்திருக்கவே மாட்டார். பழுது பார்த்த கையோடு வருகிற சத்தம் அந்தப் பழுதின் சத்தம்தான் என்பதில் அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை இருந்தது. என் அனுபவத்தில் அது பொய்த்த சந்தர்ப்பங்கள் மிக அரிது.

பிறகு எங்களைக் குழிக்குள் இறக்குவார். மேலே இரண்டு பேர் பானெட்டில் கை வைத்து அம்பாஸடரை ஆட்டுவார்கள். முன்னால் டார்ஷன் பார், பின்னால் பிளேட் ஸ்பிரிங் என்று அந்த வண்டியில் முனகக்கூடிய இடங்களுக்குப் பஞ்சமில்லை. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஒவ்வொரு மூட்டிலும் ஊன்றி, பிடியைக் காதெலும்பில் அழுத்தி, நாங்கள் கேட்க வேண்டும். கேட்டதைச் சொன்னால் போதாது; கையை வைத்து அதிர்வையும் காட்ட வேண்டும். "காது பொய் சொல்லும் பேட்டா, தகடு சத்தத்தைத் தூக்கிக்கிட்டு எங்கேயோ கொண்டுபோய் வைக்கும். கையை வை" என்பார். சத்தம் தகட்டின் வழியே ஓடி வேறோர் இடத்தில் வெளிப்படும். அதிர்வு மட்டும் பிறந்த இடத்தில்தான் பலமாக இருக்கும். அந்த வித்தியாசம் விரலுக்குத் தெரிய எனக்கு வருஷங்கள் ஆயின.

அவர் விதித்த விதிகளில் மிகக் கண்டிப்பானது புஷ் சம்பந்தமானது. ஆர்மின் பிவட் போல்ட்டை, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது ஒருவன் இறுதியாக முடுக்கிவிட்டால், அன்றைக்கு அவனுக்குக் கூலி கிடையாது. போல்ட்டைக் கையால் ஏற்றிவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, முன்பக்கத்தை நன்றாக அழுத்தி அழுத்தி விட்டு, அது தன் உயரத்தில் தானாக நின்ற பிறகே முடுக்க வேண்டும். காரணம் எளியது. உள் குழாய்க்கும் வெளி வளையத்துக்கும் நடுவில் ரப்பர் இரண்டோடும் ஒட்டியிருக்கிறது. அது வழுக்கிச் சுழல்வதில்லை, முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. எந்த நிலையில் முடுக்குகிறோமோ அந்த நிலையே அதற்கு ஓய்வு நிலை ஆகிவிடும். சக்கரம் தொங்கும்போது முடுக்கினால், வண்டி தரையில் சும்மா நிற்கும்போதே ரப்பர் பிழிந்த துணியாக முறுக்கேறி நிற்கிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் அது மேலும் முறுக்கிக்கொள்ள, முதலில் முனகும், பிறகு சீக்கிரத்தில் கிழியும். வாகனத்தின் பழுதுபார்ப்புப் புத்தகத்திலும் இதைத்தான் எழுதியிருக்கிறார்கள். உஸ்தாத் ஆங்கிலப் புத்தகம் எதையும் படித்தவரல்லர்.

ஸ்விஃப்ட்டின் முனகலுக்கு அது காரணமாக இருக்கும் என்று எனக்கு முதலிலேயே தோன்றிற்று. தோன்றினது போதாது, பரீட்சித்தாக வேண்டும். புஷ்ஷின் மேல் வெறும் தண்ணீரைத் தெளித்து வண்டியை ஆட்டினோம், முனகல் அடங்கிற்று, காய்ந்ததும் திரும்ப வந்தது. இந்த இடத்தில் டீசலையோ எஞ்சின் ஆயிலையோ ஊற்றிச் சத்தத்தை நிறுத்திக் காட்டிப் பணம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்; எண்ணெய் பட்ட ரப்பர் ஊதி, மிருதுவாகி, நாசமாகும் என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. போல்ட்டுகளைத் தளர்த்தி, தரையில் நிறுத்தி, டார்க் ரெஞ்ச்சால் அளவோடு முடுக்கினேன். முனகல் போய்விட்டது.

தட்டல் போகவில்லை. காலடியில்தான் கேட்கிறது என்று எஞ்சினீயர் சத்தியம் செய்தார். கீழே ஆர்ம், பால் ஜாயிண்ட், ராக் எல்லாவற்றிலும் கை வைத்தேன். எல்லாம் மௌனமாக இருந்தன. பானெட்டைத் திறந்து, வலது ஸ்ட்ரட்டின் உச்சியில் இருக்கும் மூடியைக் கழற்றி, நட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு, பையனை வண்டியைச் சிறிதளவே, வேகமாக ஆட்டச் சொன்னேன். விரலின் கீழ் ராடு துடித்தது. ஒரு நகத்தின் கனம் கூட இராது அந்த இடைவெளி. இம்பாக்ட் கன்னால் அடித்தபோது, நட்டோடு சேர்ந்து ராடும் சுழன்றிருக்கிறது. கன் போட்ட ஆர்ப்பாட்டத்தைக் கேட்டு நட்டு இறுகிவிட்டது என்று அவர் நம்பியிருக்கிறார். டாப் மவுண்ட் மாற்றியபோதும் மறுபடி அதே கன், அதே நம்பிக்கை. ஜாக்கியில் தூக்கி அவர் சரிபார்த்தபோது ஏன் அகப்படவில்லை என்றால், சக்கரம் தொங்கும்போது ஸ்ட்ரட் முழு நீளத்துக்கு நீண்டு, ஸ்பிரிங்கின் விசை ராடைக் கீழே இழுத்து நட்டை மவுண்டோடு அழுத்திப் பிடித்துவிடுகிறது. ஆட்டம் அங்கே மறைந்துவிடும். தரையில் நின்று, ஷாக் மேலும் கீழுமாக விசை மாற்றும்போதுதான் அது வெளிப்படும். ராடு சுழலாதபடி பிடித்துக்கொண்டு நட்டை முடுக்கினேன். காரியம் முடிந்தது.

கூலியைச் சொன்னபோது அவர் கேட்டார்: "அண்ணா, பார்ட்ஸ் ஒண்ணும் மாத்தலையே, நட்டு முடுக்கினதுக்கா இவ்வளவு?" மாமனார் சங்கடப்பட்டுப் பணத்தை நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். ஆனால் அந்தக் கேள்வி அந்த ஒருவருடைய கேள்வி மட்டும் அல்ல என்பதால் சொல்கிறேன். பயன்படாமல் போன பாகங்களுக்கு அவர் முகம் சுளிக்காமல் பணம் கொடுத்திருக்கிறார், ஏனென்றால் அவற்றுக்கு அட்டைப் பெட்டி இருந்தது, ரசீது இருந்தது. கண்டுபிடிப்புக்குப் பெட்டி கிடையாது. இதனாலேயே இன்றைக்கு வேலைக்கு வருகிற பையன்கள் கேட்பதைக் கற்றுக்கொள்ள மறுக்கிறார்கள். சத்தம் நிற்கிற வரைக்கும் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு போனால் கமிஷனும் வருகிறது, பழியும் வராது. ஸ்கேனரைச் சொருகிப் பார்க்கிறார்கள். ரப்பர் புஷ்ஷுக்கு எந்த எரர் கோடும் கிடையாது.

1980-இல் அசோக் லேலண்ட் ஆலை இங்கே வந்தது. அதே ஆண்டில் டிவிஎஸ் 50 இந்த ஊரிலிருந்து வெளிவந்தது. வண்டி செய்வது என்றால் என்ன என்று இவ்வளவு பேருக்குத் தெரிந்த ஊர்கள் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. ஆலைக்குள் ஒரு நட்டு குறித்த நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுகாவிட்டால் வண்டியை வரிசையில் நகரவிடாத அதே கைகள், ஞாயிற்றுக்கிழமை தம் சொந்த வண்டியில், அதுவும் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகிற வண்டியில், கன்னின் ஓசையை அளவாக எடுத்துக்கொள்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. டார்க் ரெஞ்ச் அவர்களுக்கு அந்நியமான பொருளா?

இனியும் அவர்கள் செய்யத்தான் போகிறார்கள், செய்யட்டும். எனக்குப் பின் இந்தப் பட்டறையில் உட்காரப்போகிறவனிடம் சத்தத்தோடு வரும்போது, எதை எதைத் திறந்தீர்கள், எந்த வரிசையில் மூடினீர்கள், எதை முடுக்கும்போது சக்கரம் தரையில் இருந்தது, எதை முடுக்கும்போது தொங்கியது என்று மறைக்காமல் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் காயலான் கடைக்குப் போடாமல் ஒரு சாக்கில் கட்டி எடுத்து வாருங்கள். பழைய புஷ் எந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது, பழைய வாஷரில் தேய்மானம் எந்த முகத்தில் விழுந்திருக்கிறது என்று பார்த்தால், பாதி விசாரணை அங்கேயே முடிந்துவிடும்.