மாமியார் நடந்த மலை, மருமகள் ஓடும் மலை

சேலத்திலிருந்து இளம்பிள்ளைக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், கஞ்சமலை கூடவே வரும். ஏற்காடு மாதிரி குளுகுளு மலை இல்லை. மாசி கழிந்தால் போதும், பழுப்பேறி, பாறை தெரிய, முள்ளும் புதருமாக நிற்கும். ஆனால் சுற்றுப்பட்டு ஊர்களுக்கு அது சித்தர் மலை. அமாவாசை தோறும் அடிவாரத்துச் சித்தர் கோயிலில் கூட்டம் நெரியும். மருவும் தோல் நோயும் தீர வேண்டுமென்று உப்பும் மிளகும் போட்டுக் கும்பிடுவார்கள். பௌர்ணமியில் மலையைச் சுற்றி வருபவர்களும் உண்டு.

இளம்பிள்ளையில் சேலை வியாபாரம் செய்யும் ஒரு வீட்டின் மாமியார் அப்படிச் சுற்றியவர்தான். முப்பது வருடம், காலில் செருப்பில்லாமல். இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார். முழங்கால் இடம் கொடுப்பதில்லை. அவர் நடந்த பாதையில் இப்போது மருமகள் ஓடுகிறார்.

மருமகளுக்கு வயது நாற்பத்து நான்கு. பகல் முழுக்கக் கடையில் உட்கார்ந்து சேலை மடிக்கும் வேலை. இரண்டு வருடத்துக்கு முன்பு ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எட்டிப் பார்த்தது. "தினமும் நடங்கம்மா" என்றார் டாக்டர். நடை மெல்ல வேகநடையாகி, ஒரு மார்கழி விடியலில் ஓட்டமானது. சுடிதார், சாதாரண ஷூ, கையில் ஒரு தண்ணீர் பாட்டில். அவ்வளவுதான் ஏற்பாடு.

பேச்சு வராமல் இருக்குமா? கல்யாண வீட்டில் ஒரு உறவுக்காரப் பெண்மணி மாமியாரிடமே கேட்டுவிட்டார்: "ஏனுங்க, உங்க மருமக ரோட்டுல ஓடுதாமே?"

"நான் முப்பது வருசமாச் சுத்துன மலையத்தான் அவளும் சுத்துறா. கொஞ்சம் வேகமாச் சுத்துறா, அவ்வளவுதான்" என்றார் மாமியார். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

வீட்டுக்குள் மட்டும் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "கண்ணு, தடத்தை விட்டு எறங்காத."

அந்த நிபந்தனையின் அருமை தெரிய, அந்த மலையின் கதை கொஞ்சம் தெரிய வேண்டும். கஞ்சமலையில் இருப்பது இரும்பு. காந்தத்தில் ஒட்டும் மேக்னடைட் தாது. மழை ஓடிய வாய்க்காலில் கறுப்பு மணல் படியும். பிள்ளைகள் காந்தத்தை இழுத்துப் பார்த்தால் மீசை முளைத்தது போல் ஒட்டிக்கொள்ளும். அந்தக் காலத்தில் சேலம் வட்டாரக் கொல்லர்கள் இந்த மாதிரித் தாதுவை மண் உலையில் உருக்கித்தான் இரும்பு எடுத்தார்கள். 1830-களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர், சேலத்துத் தாதுவை நம்பிப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலையே தொடங்கினார். 1970-ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டிய சேலம் உருக்காலையும் இந்த மலையடியில்தான் இருக்கிறது. ஆனால் அங்கே உருவானது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். மலை அப்படியே நின்றுகொண்டது. பிற்பாடு தாது எடுக்கும் திட்டம் ஒன்று பேசப்பட்டபோது ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். பெரிய சுரங்கம் வரவில்லை.

வெறும் முட்காடுதானே, தோண்டினால் என்ன என்று கேட்பவர்கள் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள். பச்சையாக இல்லாத நிலத்தைப் 'பொறம்போக்கு' என்று ஒதுக்குவது நம் பழக்கம். ராஜஸ்தான் பாலைவனத்து ஜோத்பூரிலும் அப்படி ஒரு நிலம் இருந்தது. மெஹ்ரான்கர் கோட்டையின் காலடியில், சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த பாறைக்காடு. 2006-ல் அதைச் சீர்படுத்தத் தொடங்கினார்கள். பாறை இடுக்கில் இறங்கிய சீமைக்கருவேல வேர்களை, பாறையைத் தட்டி ஓசையிலேயே அதன் குணம் அறியும் கல்லுடைப்பவர்களைக் கொண்டு உளியால் எடுத்தார்கள். பிறகு அந்தப் பாலை மண்ணுக்கே உரிய செடிகளை வைத்தார்கள். 2011-ல் ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்கா திறக்கப்பட்டது. இன்று அங்கே போகிறவர்கள், வகுத்துவிட்ட தடங்களில் நடந்து பாலையைப் பார்க்கிறார்கள். முள் நிலத்துக்கும் ஒரு முகம் உண்டு என்று காட்டியது அந்தத் தடம்தான்.

கஞ்சமலைக்குப் பக்தர்களின் கால்களே தடம் போட்டன. சென்ற வருடம் அந்தத் தடத்துக்கு ஒரு சோதனை வந்தது. காலையில் ஓட வரும் இளைஞர்கள் சிலர், மலைச்சரிவில் புதரை வெட்டி நேராக மேலேறும் புதுப்பாதை போடலாம் என்றார்கள். வீடியோவுக்கு நன்றாக இருக்குமாம். மருமகள் ஒப்புக்கொள்ளவில்லை.

"தம்பிகளா, அது காப்புக்காடு. அனுமதி இல்லாம உள்ள போறதே தப்பு. புதர வெட்டினா மழைக்கு மண்ணு நிக்காது. காடை, கவுதாரியெல்லாம் எங்க முட்டை வைக்கும்? கோடையில ஒரு பீடித்துண்டு விழுந்தாக்கூடப் பத்திக்குமே" என்றார்.

அவர் மனதில் இருந்தது குரங்கணி. 2018 மார்ச்சில் தேனி மாவட்ட மலையில் பற்றிய காட்டுத்தீயில், மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிகள் இறுகின. 2024-ல் வனத்துறை 40 மலைப்பாதைகளை முன்பதிவும் வழிகாட்டியும் வைத்துத் திறந்தது. ஆசைப்பட்டவர்களுக்கு முறையான வழி இருக்கிறது.

இளைஞர்களில் இருவர் முணுமுணுத்துக்கொண்டே வேறு பக்கம் போனார்கள். மற்றவர்கள் பழைய பாதையிலேயே ஓடுகிறார்கள். அமாவாசைக்கு மறுநாள் மட்டும் ஆளுக்கொரு சாக்கு கொண்டுவருகிறார்கள். பாதையோரத்து பிளாஸ்டிக் பையும் பாட்டிலும் அதில் சேர்கின்றன.

வெயில் ஏறும் முன் மருமகள் வீடு திரும்பிவிடுவார். எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம் என்றெல்லாம் மாமியார் கேட்பதில்லை. அவர் கேள்விகள் வேறு.

"ஓடையில தண்ணி வந்துச்சா?"

"இன்னும் இல்லீங்க அத்தை. ஆவாரை பூத்திருக்கு."

"எந்தப் பக்கம்? அந்த மொட்டப் பாறைகிட்டயா?"

"ஆமாங்க."

"அங்கதான் எப்பவும் மொதல்ல பூக்கும்" என்றபடி, முழங்காலில் தைலம் தேய்த்துக்கொள்கிறார் மாமியார்.