பிணை நின்றவர் கதை



தரம் 11க்கு வரலாறு படிப்பித்துக்கொண்டிருந்தோம். முதலாம் உலக யுத்தம். ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "சேர், 1914இல நடுநிலை எண்டு சொன்ன அமெரிக்கா ஏன் 1917இல சண்டைக்குப் போனது?"

ஜேர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களைத் தாழ்த்தியதையும், மெக்சிக்கோவைத் தன் பக்கம் இழுக்க ஜேர்மனி அனுப்பிய இரகசியத் தந்தியையும் சொன்னோம். அதற்கு முன்பே அமெரிக்காவின் கடனும் சரக்கும் பெரும்பாலும் பிரித்தானியா, பிரான்ஸ் பக்கமே போனதையும் சொன்னோம். பிள்ளைக்குத் திருப்தியில்லை. அமெரிக்கா தூரம். அதனால் யாழ்ப்பாணத்துக்கே வந்தோம்.

1987. இந்தியா அணிசேரா நாடு, இங்குள்ள பிணக்கில் மத்தியஸ்தர். ஆனால் 1983க்குப் பிறகு இயக்கங்களுக்குத் தன் மண்ணில் பயிற்சி கொடுத்ததும் அதே இந்தியாதான். வடமராட்சியில் இராணுவ நடவடிக்கை நடந்தபோது, ஜூன் 4ஆம் திகதி விமானத்தில் வந்து யாழ்ப்பாணத்தில் உணவுப் பொதிகளைப் போட்டது. ஜூலை 29 ராஜீவ் காந்தியும் ஜே.ஆரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அடுத்த நாளே அமைதிப்படை பலாலியில் இறங்கியது. சனம் மாலை போட்டு வரவேற்றது.

இங்கேதான் பிள்ளைகளை நிறுத்தினோம். சண்டை நடந்தது அரசுக்கும் புலிகளுக்கும் இடையில். ஒப்பந்தத்தில் புலிகளின் கையெழுத்து இல்லை. ஆனால் அவர்களுடைய ஆயுதத்தைக் களைவதற்கு இந்தியா பொறுப்பு நின்றது. ஊரில் கடனுக்குப் பிணை நிற்பவர் மாதிரி. வாங்கினவன் கட்டாவிட்டால் பிணைகாரன்தான் கட்டவேண்டும்.

செப்டம்பர் 26 நல்லூரில் உண்ணாவிரதமிருந்த திலீபன் இறந்தார். ஒக்டோபர் 5, கைதான புலி உறுப்பினர்களைக் கொழும்புக்குக் கொண்டுபோக முயன்றபோது அவர்கள் சயனைட் அருந்தினார்கள். பன்னிரண்டு பேர் இறந்தார்கள். ஒக்டோபர் 10 அமைதிப்படை யுத்தத்தைத் தொடங்கியது. ஒக்டோபர் 21, தீபாவளி நாள், யாழ் ஆஸ்பத்திரிக்குள் வைத்தியர்கள், தாதிமார், நோயாளிகள் சுடப்பட்டு இறந்தார்கள். 1990 மார்ச்சில் கடைசிச் சிப்பாய் கப்பலேறியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் உயிரோடு இல்லை. மாலை போட்ட சனத்தில் எத்தனை பேர் இல்லாமல் போனார்கள் என்று நாங்கள் தனியாகச் சொல்லவேண்டுமா?

இதைச் சொல்லும்போது எங்கள் சொந்தக் கதையும் தொண்டையில் நின்றது. சோனகதெருச் சனம் தையலும் இரும்புக்கடையும் லொறியுமாக இருந்தவர்கள். நாங்கள் யாருக்கும் பிணை நிற்கவில்லை. அதே 1990 ஒக்டோபர் 30இல், சில மணி நேர அவகாசத்தில், உடுத்த உடுப்போடு வெளியேற்றப்பட்டோம். பலமுள்ளவனின் நடுநிலை அவனைச் சண்டைக்குள் இழுத்தது. பலமில்லாதவர்களின் நடுநிலை அவர்களைக் காப்பாற்றவில்லை.

"அப்ப நடுநிலை பிழையா சேர்?" என்று கேட்டாள்.

பிழையில்லை மகள். ஆனால் முதல் வெடி கேட்ட நாளில் அதைத் தேடாதே. யாருக்குக் கடன் கொடுத்தான், யாருக்குத் துவக்குப் பழக்கினான், யாருக்காகப் பிணை நின்றான் என்று முந்தின வருடங்களைப் பார். நடுநிலை அங்கேதான் போயிருக்கும்.

சோதனையில் திகதி மட்டும்தான் கேட்பார்கள். ஆனாலும் வீட்டுவேலை ஒன்று கொடுத்தோம்: 1987 ஒக்டோபரில் எங்கே இருந்தீர்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வாருங்கள்.

உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள்.