இரண்டு பிரதமர்களும் ஒரு வலையும்



நேற்று தரம் 10இல் கச்சதீவு ஒப்பந்தம் படிப்பித்தேன். 1974 யூனில் பாக்கு நீரிணையில் எல்லைக்கோடு போட்டுக் கையெழுத்திட்ட இரு பிரதமர்களும் பெண்கள்: சிறிமாவோ, இந்திரா காந்தி. (சிறிமாவோவில் எங்களுக்குத் தரப்படுத்தல் கோபம் உண்டு, அது வேறு கதை.) உலகின் முதல் பெண் பிரதமர் என்றதும் பெண்பிள்ளைகளுக்கு முகம் மலர்ந்தது. எனக்கும் பெருமைதான்.

பின்வரிசையில் ஒருத்தி எழும்பினாள். "ரீச்சர், கோட்டைத் தாண்டி வந்த ரோலர் அப்பாவின்ர வலையை அறுத்துப்போட்டுது. கடன் இன்னும் முடியேல்லை."

ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிப்பதில்லை என்ற 1976 மார்ச் உடன்பாட்டைச் சொன்னேன்.

"அப்ப ஏன் வாறாங்கள்?"

எனக்குப் பதில் வரவில்லை. கடற்றொழிலாளர் சங்கத்தில் இருப்பவர்கள் யாராவது வியாழக்கிழமை வகுப்புக்கு வந்து பேச முடியுமா?