தோழர் சொல்

சிறுவன் ஒருவனிடம் முதல் சிகரெட்டை நீட்டும் கை பெரும்பாலும் அவன் தோழனுடையதே. அவ்விடத்தில் தந்தையும் இல்லை, ஆசிரியரும் இல்லை. ஆதலின் தடுக்கும் சொல்லும் தோழனிடமிருந்தே வருதல் வேண்டும் அன்றோ? அமெரிக்க நாட்டின் புளோரிடா மாநிலத்தார் இதனை உணர்ந்தனர்.

புகையிலை நிறுவனங்கள்மீது அம்மாநிலம் தொடுத்த வழக்கு 1997-இல் உடன்பாட்டில் முடிந்து, பெரும்பொருள் கிடைத்தது. மறு ஆண்டு, மாணவர் பல நூற்றுவரை ஓரிடத்தில் கூட்டி, அவர்களிடமே வழி கேட்டனர். புகை உயிரைக் குடிக்கும் என்பதை மாணவர் முன்னரே அறிந்திருந்தனர். பெரியோர் விலக்கியதைச் செய்வது பெருமை என்னும் எண்ணமே பலரை ஈர்த்தது. ஆகவே அவர்கள் நோயைக் காட்டி அச்சுறுத்தவில்லை. இளையோரை வலைவீசிப் பிடித்துப் பொருள் ஈட்டும் வணிகரின் சூழ்ச்சியைத் தம் தோழர்க்கு எடுத்துக்காட்டினர். மீறும் துடிப்பு அவ்வணிகர்மேல் திரும்பியது.

1998-இல் நடுநிலைப் பள்ளி மாணவருள் 18.5 விழுக்காட்டினர் புகைத்தனர், 2000-இல் 11.1 விழுக்காட்டினரே. உயர்நிலைப் பள்ளிகளிலோ 27.4 விழுக்காடு 22.6 ஆயிற்று. வேரூன்றிய பழக்கம் எளிதில் அசையுமா?

சட்டமன்றம் அப்பணிக்குரிய பொருளைக் குறைத்துக்கொண்டே வந்து, 2003-இல் ஏறக்குறைய நிறுத்திவிட்டது. 2006-இல் வாக்காளர்கள் மாநில அரசியலமைப்பையே திருத்தி அதனை மீட்டனர்.