ஒரு நாள் உழைப்பின் நிறை

கருவியைப் பயன்படுத்துதல் வேறு. கருவியை அறிதல் வேறு. நம் காலத்துச் சந்தை முன்னையதை எல்லோர்க்கும் விற்கின்றது. பின்னையதைச் சிலரிடமே பூட்டி வைக்கின்றது. பௌதிகவியலில் அதிவிசேட சித்தி பெற்ற மாணவன்கூடத் தன் வீட்டு மின்னுருகி எரிந்துவிட்டால் அயலவரைத் தேடி ஓடுகின்றான். இந்நிலையில், தமிழ் கற்பிக்கும் நாம், விஞ்ஞான ஆசிரியரான நண்பர் ஒருவரோடும் உயர்தர வகுப்பு மாணவர் நால்வரோடும் சேர்ந்து, முன்சக்கரம் பின்சக்கரம் இரண்டிற்கும் அதிர்வுதாங்கி உள்ள மலைச்சைக்கிள் ஒன்றை மின்மோட்டாரில் ஓடும்படி கட்டினோம். 'தமிழ் வாத்தியாருக்கு ஏன் இந்த வேலை?' என்று சிலர் வினவினர். அவ்வினா நியாயமானதே. அதற்கு விடை கூற முயல்வதே இக்கட்டுரை.

தேவை வெளிப்படையானது. எமது பாடசாலை ஹற்றன் பகுதியில், நகரிலிருந்து ஏறத்தாழ 300 மீற்றர் மேலே, தேயிலை மலையின் முதுகில் இருக்கின்றது. பாதை தோட்டத்துப் பாதை. மழை மண்ணைக் கழுவிச் செல்ல, கல் மட்டுமே எஞ்சி நிற்பது. 2022ஆம் ஆண்டு யூன் இறுதியில், அத்தியாவசிய சேவைகள் தவிர வேறெவர்க்கும் எரிபொருள் இல்லை என்று அரசு அறிவித்ததும், பாடசாலைகள் மூடப்பட்டதும், பின்னர் வந்த பங்கீட்டில் மோட்டார்ச்சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் என அளந்து கொடுக்கப்பட்டதும் எவர்க்கும் மறந்திரா. சமவெளியில் வாழ்ந்தோர் சைக்கிளுக்கு மாறினர். மலையில் வாழ்வோர்க்கு அந்த வழியும் இல்லை. இறங்குவது எளிது; ஏறுவது யார்?

தட்டுப்பாடு மக்களின் கையையும் மூளையையும் ஒருங்கே வேலை வாங்கும் என்பதற்கு இந்நாட்டிலேயே சான்றுண்டு. 1990களிற் பொருளாதாரத் தடையின் கீழ் வாழ்ந்த யாழ்ப்பாண மக்கள் மண்ணெண்ணெயில் மோட்டார்ச்சைக்கிளை ஓட்டினர். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தித் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். அவர்களுள் எவரும் பொறியியற் பட்டம் பெற்றுக்கொண்டு அதனைச் செய்யத் தொடங்கவில்லை.

மலைச்சைக்கிளின் பிறப்பும் இதனை ஒத்ததே. அமெரிக்காவின் கலிபோர்ணியாவில் டமல்பாய்ஸ் மலையடிவாரத்து இளைஞர்கள், 1930களிலும் 1940களிலும் செய்யப்பட்டுக் கழித்துவிடப்பட்ட தடித்த டயர்ச் சைக்கிள்களைத் தேடியெடுத்து, மலைப்பாதைக்கு ஏற்பத் திருத்திக்கொண்டனர். 1976 ஒக்ரோபர் 21இல் அவர்கள் நடத்திய இறக்கப் பந்தயத்துக்கு 'றீபாக்' என்று பெயர் வந்தது. ஓடி முடிவதற்குள் பின்சக்கரக் குடத்தின் தடுப்புச் சூடேறி உள்ளிருந்த கிறீஸ் எரிந்துபோகும், ஒவ்வொரு தடவையும் புதிதாக அடைக்கவேண்டும், அதுவே பெயர்க்காரணம். அடுத்த ஆண்டிலே ஜோ பிறீஸ் என்பவர் மலைக்கென்றே ஒரு சட்டத்தைத் தம் கையாற் செய்தார். 1981இல் ஒரு கொம்பனி அவ்வகை வண்டியைத் தொழிற்சாலையிற் பெருந்தொகையாகச் செய்வித்து விற்றது. குப்பையிலிருந்து கூட்டு முயற்சியாற் பிறந்த ஒன்று, ஐந்தே ஆண்டுகளிற் கடைச்சரக்காயிற்று. மின்சைக்கிளோ இன்னும் பழையது. பின்சக்கரக் குடத்தினுள் மோட்டாரை வைக்கும் உபாயத்துக்கு ஒக்டன் போல்ற்றன் என்ற அமெரிக்கர் 1895 இறுதியிலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். எண்ணம் அன்றே இருந்தது. பாரமற்ற பற்றரி இல்லாமையால் அது நூறாண்டு காத்திருந்தது.

எமது வண்டியின் உடல் யப்பானிலிருந்து வந்த பழைய சைக்கிள். நகரத்துச் சைக்கிள் பாஸ் ஒருவரின் கடைப்பின்புறத்தில், பின் அதிர்வுதாங்கி இறுகிப்போய்க் கிடந்தது. மோட்டாரை எங்கே வைப்பது என்பதே முதல் விவாதம். பின்சக்கரக் குடத்தில் வைத்தால் வேலை எளிது. ஆனால், அப்பாரம் முழுவதும் சுருளிவில்லுக்குக் கீழே தொங்கும். கல்லில் ஏறும்போது சக்கரம் துள்ளுமேயன்றி நிலத்தைப் பற்றாது. அதிர்வுதாங்கி இருந்தும் பயனில்லை. அன்றியும், குடத்து மோட்டார் பற்சக்கர மாற்றத்தின் உதவியைப் பெறமாட்டாது. செங்குத்தான ஏற்றத்தில் மெல்லச் சுழன்று சூடேறும். ஆகவே பெடல் அச்சிலே மோட்டாரைப் பொருத்தி, செயின் வழியாகவே வலுவைச் செலுத்துவது என முடிவாயிற்று. அச்சுக்குழலின் அகலம் 68 மில்லிமீற்றரா 73 மில்லிமீற்றரா என்று பார்க்கவேண்டியிருந்தது. பரீட்சைக்காக மட்டும் வேணியர் இடுக்கியைக் கையிலெடுத்த மாணவன் ஒருவன், அன்றுதான் அதனால் ஓர் உண்மையை அறியும்பொருட்டு அளந்தான். 68 என்றான். மோட்டார் பொருந்திற்று.

அடுத்தது இடநெருக்கடி. சாதாரண சைக்கிளின் நடுச்சட்ட முக்கோணத்திற் பற்றரியை வைக்கலாம். இவ்வகை வண்டியில் அவ்விடத்தைப் பின் அதிர்வுதாங்கி பிடித்துக்கொள்கின்றது. பின்தட்டில் வைத்தால் பாரம் உயர்ந்து வண்டி தள்ளாடும். பாஸ் தம் கைவிரலாற் சட்டத்தை இரண்டு முறை அளந்தார். கீழ்க்குழாயின் மேலே ஒடுங்கிய நீண்ட பெட்டி ஒன்று அமையும் என்றார். பற்றரியின் வடிவத்தை நிர்ணயித்தது அவருடைய விரல்களே. மேலும், ஏறுவதைக் காட்டிலும் இறங்குவதே ஆபத்து என்று அவரே வற்புறுத்தி, றிம்மைப் பிடிக்கும் பழைய தடுப்பை நீக்கித் தட்டுத்தடுப்புப் பூட்டுவித்தார். தடுப்பைத் தொட்டவுடன் மோட்டாருக்குச் செல்லும் மின் அறுபடும்படி ஆளியும் வைத்தோம். வேகம் மணிக்கு 25 கிலோமீற்றரைத் தாண்டாதபடி வரையறுத்தோம்.

பற்றரிக்கான கலங்களைக் கொழும்புப் புறக்கோட்டையில் வாங்கினோம். ஒவ்வொன்றும் 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட இலிதியம் அயன் கலம், 3.6 வோல்ற்று, 3 அம்பியர்-மணி. நான்கைச் சமாந்தரமாகவும், அத்தகைய 13 கூட்டங்களைத் தொடராகவும் இணைக்க 52 கலங்கள். முழுதும் ஏற்றியபின் 54.6 வோல்ற்று. ஈயம் உருக்கி ஒட்டினால் சூட்டாற் கலம் பழுதாகும். நிக்கல் நாடாவைக் கணநேர மின்னோட்டத்தாற் புள்ளி புள்ளியாக ஒட்டவேண்டும். மோதிரம், கைக்கடிகாரம் யாவற்றையும் கழற்றி வைத்த பின்னரே மேசையை அணுக அனுமதித்தார் நண்பர். ஒரு சாவி குறுக்கே விழுந்தாலும் தீ. பதின்மூன்று கூட்டங்களையும் தனித்தனி கண்காணித்து, எதுவொன்றும் 4.2 வோல்ற்றை மீறாதபடி காக்கும் சுற்றொன்றும் சேர்ந்தது. மின்னேற்றுவது சீமெந்துத் தரையில், பகலில், ஒருவர் பார்த்திருக்கையில் மட்டுமே என்பது எமது விதி.

பெட்டியை மூடுமுன் கணக்கொன்று போட்டோம். இக்கட்டுரையின் உயிர்நிலை அக்கணக்கிலேதான் உள்ளது. 52 கலங்களிலும் அடங்கும் சக்தி ஏறத்தாழ 560 வாற்று-மணி. அவற்றின் நிறை ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ எனக் கொண்டால், 300 மீற்றர் உயர்த்துவதற்கு வேண்டியது 82 வாற்று-மணி. மோட்டாரின் இழப்பும் பாதையின் உராய்வும் சேர்த்தாலும் இரண்டு மூன்று முறை தாராளமாக ஏறலாம். மாணவி ஒருத்தி கேட்டாள்: "ஒரு மனுசர் நாள் முழுக்க வேலை செஞ்சா எத்தனை வாற்று-மணி சேர்?" நல்ல உடல்வலுவுள்ள ஒருவர் நாள் முழுவதும் இடைவிடாது தரக்கூடிய இயந்திர வலு ஏறத்தாழ 70 வாற்று. எட்டு மணிநேரத்துக்கு 560.

அறையில் எவரும் சிறிதுநேரம் பேசவில்லை. அங்கிருந்த நால்வரின் தாய்மாரும் கொழுந்து பறிப்பவர்கள். அவர்களுடைய ஒருநாள் தசைவலிமை முழுவதும் அந்த ஒடுங்கிய பெட்டிக்குள் இரண்டரைக் கிலோ நிறையாக இருந்தது. அதனை நிரப்புவதற்கு மின்பட்டியலில் ஓர் அலகுகூட ஆகாது. நாட்சம்பளத்தை 1,000 ரூபாவாக்கவேண்டும் என்று இம்மலைகள் ஆண்டுக்கணக்கிற் கோரி நின்று, 2021இலேதான் அது கிட்டிற்று. தசையை மட்டும் விலைக்கு வாங்கும் ஒரு முறைமை மனிதனை எவ்வளவு மலிவாக மதிப்பிடுகின்றது என்பதை எத்தனையோ கூட்டங்களிற் கேட்டிருக்கின்றோம். அன்று அதனைத் தராசிலே கண்டோம்.

அப்படியாயின், கொழுந்துச் சாக்கை இயந்திரம் சுமந்தால் என்ன? மாணவர் உடனே சிந்தித்தது அதுவே. இதே மோட்டாரைத் தள்ளுவண்டி ஒன்றிற் பூட்டலாம் என்று படமும் வரைந்தனர். அப்படத்தைப் பார்த்த தாய் ஒருவர் கூறியதைக் கேளுங்கள்: "மிசின் வந்தா சொமை கொறையும் சேர். அதோட பேருக்கு இவ்வளவுன்னு கேக்குற கிலோவையும் கூட்டிப்புடுவாங்களே?" தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடினும், ஒரு நாட்பெயருக்குப் பதினெட்டுக் கிலோ என்பது இப்பக்கத்திற் கேட்கும் கணக்கு. அது இருபத்தைந்தாகும் என்பதே அவரது அச்சம். அரசியற் பொருளாதார நூல்கள் பல அதிகாரங்களில் விளக்குவதை அவர் ஒரே வினாவில் அடக்கிவிட்டார். இயந்திரம் சுமையைக் குறைக்குமா கூட்டுமா என்பது மோட்டாரைப் பொறுத்ததன்று. அது யார் கையில் உள்ளது என்பதைப் பொறுத்தது.

'நாமே கட்டினோம்' என்ற சொல்லையும் இங்கே சோதித்துப் பார்த்தல் வேண்டும். இலிதியம் பற்றரிக்கான ஆய்வை 1970களில் விற்றிங்காம் தொடங்கியது ஓர் எண்ணெய்க் கொம்பனியின் ஆய்வுகூடத்தில். கோபால்ற்றைச் சேர்த்து அதன் வலுவை உயர்த்தியவர் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்திலிருந்த குடினஃப். பயன்பாட்டு வடிவம் தந்தவர் யப்பானின் யொஷினோ. மூவரும் 2019இல் நோபல் பரிசு பெற்றனர். ஆனால், உலகத்துக் கோபால்ற்றிற் பாதிக்கும் மேற்பட்டதைத் தோண்டித் தருவது கொங்கோ நாடு; அங்குள்ள சுரங்கங்களிற் சிறுவர்களும் உழைப்பதை 2016இல் சர்வதேச மன்னிப்புச் சபை வெளிப்படுத்திற்று. எமது பெட்டிக்குள் எமது தாய்மாரின் ஒருநாள் உழைப்புக்கு ஈடான சக்தி மட்டுமன்று, கொங்கோச் சிறுவனின் உழைப்பும் இருக்கக்கூடும். தனியொருவன் தானே செய்தான் என்று மார்தட்டும் பேச்சு மேற்குலகப் பொழுதுபோக்காளர்க்கு இனிக்கலாம். உண்மையில் எந்தக் கருவியும் தனியொருவனால் ஆவதன்று.

எனினும், கட்டுவதற்கும் வாங்குவதற்கும் இடையே ஒரு பெரும் வேற்றுமை உண்டு. கடைகளில் விற்கும் உயர்விலை மின்சைக்கிள்கள் பலவற்றில் மோட்டாரின் மென்பொருள் பூட்டப்பட்டிருக்கின்றது; முகவரின் கணினியன்றி எவரும் பழுதறிய இயலாது; பற்றரியை வேறொருவர் திறந்து கலம் மாற்றினால் வண்டி அதனை ஏற்க மறுப்பதும் உண்டு. விலை கொடுத்தவன் வண்டிக்கு உரியவன். அறிவுக்கு உரியவன் அல்லன். குத்தகை நிலத்தில் உழுபவன் நிலையும் இதுவேயன்றோ? திறக்கக்கூடிய கருவியும், திறக்கத் தெரிந்த கையும், திறந்ததைப் பிறர்க்குச் சொல்லும் மொழியும் சேரும்போதே கருவி மக்களுடையதாகின்றது.

தமிழாசிரியனுக்கு இங்கே என்ன வேலை என்பதற்கு விடை இந்த இறுதிச் சொல்லில் உள்ளது. குறடு, ஆர், அச்சு என்று தேரின் உறுப்புகளுக்குப் பழந்தமிழிற் பெயருண்டு. அவை புலவர் வாயிற் பிறந்தன அல்ல. தச்சர் பட்டறையிற் பிறந்து பாட்டில் ஏறியவை. இன்றைய பட்டறையிலும் மொழி பிறக்கின்றது. மாணவர் தம் சுற்றுப்படத்தைத் தமிழிலே எழுதினர். பாஸ் வழங்கும் சொல் பொருந்திய இடத்தில் அதனையே வைத்தனர். பாடநூற் சொல் பொருந்திய இடத்தில் அதனை வைத்தனர். எந்த வயர் எங்கே செல்லும், எதைத் தொடக்கூடாது, எத்தனை கலம், என்ன விலை என யாவும் அதில் உள. பாடசாலைப் பட்டறைச் சுவரில் அது ஒட்டப்பட்டிருக்கின்றது. வேறு தோட்டங்களிலிருந்து இருவர் வந்து பிரதி செய்து சென்றனர். தள்ளுவண்டிப் படமும் அதன் அருகிலேயே இருக்கின்றது. அதன் கீழே, அந்தத் தாயின் வினாவையும் மாணவர் எழுதி வைத்துள்ளனர். வண்டியைக் கட்டுமுன் அதற்கும் விடை தேடவேண்டும் என்பது அவர்கள் தீர்மானம்.