நானூறு கிலோமீட்டர் வேலி

லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து லாஸ் வேகாஸுக்கு ஏறத்தாழ 435 கிலோமீட்டர். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் திருப்பருத்திக்குன்றத்திலிருந்து மதுரைக்குப் போகிற தூரம்தான். ஆனால் மதுரைக்குப் போகும்போது திண்டிவனம், விழுப்புரம், திருச்சி என்று ஊர்மேல் ஊர் வந்துகொண்டே இருக்கும். டீக்கடை கண்ணைவிட்டு மறையாது. அங்கே கஹோன் கணவாயில் ஏறி விக்டர்வில்லைத் தாண்டிவிட்டால் மொஹாவி பாலைவனம் தொடங்கிவிடுகிறது. இரு பக்கமும் காய்ந்த மண், கூர்மையான இலைக்கொத்துகளோடு கைகளை உயர்த்தி நிற்கும் ஜோஷுவா மரங்கள், தொலைவில் புல் இல்லாத மலைகள். அமெரிக்காவின் பெயர்பெற்ற சூதாட்ட நகரம் இதற்கெல்லாம் அந்தப் பக்கம் இருக்கிறது என்பது வழி முழுவதும் என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

நாங்கள் குடும்பத்தோடு போவதற்கு மாப்பிள்ளை வாடகைக்கு எடுத்திருந்த வண்டியை அங்கே எல்லாரும் ஆர்.வி. என்றே சொல்கிறார்கள். முன்னால் வேன் முகப்பு, பின்னால் கட்டில், சமையல் மேடை, குளிர்பெட்டி, கழிவறை. ஓடும்போது பெல்ட் போட்டு உட்கார வேண்டும். அடுப்பு பற்றவைப்பதெல்லாம் வண்டி நின்ற பிறகுதான். அடியில் மூன்று தொட்டிகள். ஒன்றில் நல்ல தண்ணீர், ஒன்றில் பாத்திரம் கழுவிய, குளித்த தண்ணீர், மூன்றாவதில் கழிவறைத் தண்ணீர். கடைசி இரண்டையும் கண்ட இடத்தில் திறந்துவிட முடியாது. அதற்கென்று ஏற்படுத்திய இடத்தில் குழாய் மாட்டித்தான் இறக்க வேண்டும். “மாமா, தண்ணிய அளந்துதான் செலவழிக்கணும், அடுத்த குழாய் ரொம்ப தூரத்துல இருக்கு” என்று மாப்பிள்ளை புறப்படும்போதே சொல்லியிருந்தார். எங்கள் ஊர் வேகவதி ஆற்றில் எப்போதாவது தண்ணீர் வந்தால் ஓடிப்போய்ப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தக் கணக்கு புதிதாக இல்லை. என் மனைவி புளியோதரையும், சுக்கும் மிளகும் தட்டிப்போட்ட காஞ்சிபுரம் இட்லியும் கட்டி எடுத்து வந்திருந்தாள். இரண்டுமே வெயிலுக்கும் வழிப்பயணத்துக்கும் தாங்குகிறவை.

பார்ஸ்டோவுக்குப் பக்கத்தில் காலிகோ என்ற ஊரில் முதல் இரவு தங்கினோம். 1881-ல் வெள்ளிச் சுரங்கத்துக்காகப் பிறந்த ஊர். 1890-களில் வெள்ளி விலை சரிந்ததும் மக்கள் கிளம்பிப் போய்விட்டார்கள். வெறிச்சோடிப்போன அந்தச் சுரங்க ஊரைப் பிற்காலத்தில் சீர்செய்து, மாவட்டப் பூங்காவாக வைத்திருக்கிறார்கள், ஆர்.வி. நிறுத்த இடமும் மின்சார இணைப்பும் உண்டு. ஜரிகை என்பது வெள்ளிக் கம்பியில் பொன் பூசியது. அதனால் வெள்ளி விலை ஏறினால் எங்கள் தெருவில் தறிகள் தவிக்கும். அங்கே அது இறங்கியதில் ஓர் ஊரே காலியாகியிருக்கிறது. அந்த மரவீடுகளுக்கு நடுவில் நான் நெடுநேரம் நின்றேன். பேரப்பிள்ளைகள் கூப்பிட்டும் போக மனம் வரவில்லை.

மறுநாள் பேக்கர். அங்கே 134 அடி உயரத்தில் ஒரு வெப்பமானிக் கம்பம் நிற்கிறது. 1913 ஜூலை 10 அன்று பக்கத்து டெத் வேலியில் 134 டிகிரி ஃபாரன்ஹீட் பதிவானதன் நினைவாக, டிகிரிக்கு ஓர் அடி என்று கட்டியது. செல்சியஸில் சொன்னால் 56.7. அதையும் தாண்டிப் போனால், சூரிய ஒளியைக் கோபுர உச்சிக்குத் திருப்பிவிடும் இவான்பா மின்நிலையத்தின் ஆடி வயல்கள் கண்ணைக் கூசவைக்கின்றன. பிறகு நெவாடா மாநில எல்லை. எல்லைக்கோட்டைத் தாண்டிய அடுத்த நொடியே பிரிம் என்ற இடத்தில் சூதாட்ட விடுதிகள் எழும்பி நின்றன. நகரம் வருவதற்கு இன்னும் அறுபது கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. அதுவரை கூடப் பொறுக்காதவர்களுக்காகவே கட்டியவை அவை.

நம் சங்கப் பாடல்களில் பாலை என்றால் பொருள் தேடிப் போகிற தலைவன் கடக்கும் நிலம். பிரிவும் வெயிலும் ஆறலைக் கள்வரும் அதற்குரியவை. வீட்டில் இருப்பவள் அந்த வழியை நினைத்து நடுங்குவாள். வார இறுதியில் அந்தச் சாலையில் சாரை சாரையாகப் போகும் கார்களைப் பார்த்தபோது, அந்தக் கார்கள் கிளம்பிய வீடுகளில் எத்தனை பேர் அதே நடுக்கத்தோடு இருப்பார்களோ என்று தோன்றியது.

நாங்கள் நகரத்துக்குள் தங்கவில்லை. தென்கிழக்கே நாற்பது கிலோமீட்டர் போய், மீட் ஏரிக்கரையில், போல்டர் சிட்டிக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினோம். இந்த முழுப் பயணத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் அந்தச் சின்ன ஊர்தான்.

1931-ல் நெவாடாவில் இரண்டு காரியங்கள் நடந்தன. மார்ச் மாதம் மாநிலச் சட்டமன்றம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. அதே ஆண்டில் கொலராடோ ஆற்றின் குறுக்கே ஹூவர் அணை வேலை தொடங்கியது. பெருமந்தக் காலம், வேலை கேட்டு ஆயிரக்கணக்கானோர் பாலைவனத்தில் வந்து குவிந்தார்கள். அவர்களைத் தங்கவைக்க மத்திய அரசு புதிதாகக் கட்டிய ஊர் போல்டர் சிட்டி. அந்த ஊருக்குள் சூதுக்கும் மதுவுக்கும் இடமில்லை என்று அரசு விதித்தது. கூலி வாங்கியவன் சூதாட வேண்டுமென்றால் ஊரைவிட்டு வெளியே போக வேண்டும். பலர் லாஸ் வேகாஸ் வரை போகவும் செய்தார்கள். ஆனால் போய்வர வண்டியும் நேரமும் வேண்டும், காலையில் வேலைக்குத் திரும்ப வேண்டும். அணை 1935-ல் திறக்கப்பட்டது. அரசு பிற்காலத்தில் ஊரை மக்களிடமே ஒப்படைத்துவிட்டது. மதுவிலக்கு போய்விட்டது. சூதாட்டத் தடையை மட்டும் ஊரார் தாங்களாகவே வைத்துக்கொண்டார்கள். நெவாடாவில் சூதாட்டம் அனுமதிக்கப்படாத ஊர்கள் இரண்டே, அதில் ஒன்று இது. மாலையில் அந்த ஊர்த் தெருவில் நடந்தோம். பள்ளிக்கூடம், பழைய திரையரங்கு, மரநிழலில் பெஞ்சுகள். பணத்தைப் பிடுங்கும் இயந்திரம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. சூதாட்ட வருமானம் இல்லாமல் ஓர் ஊர் பிழைக்காது என்று சொல்கிறவர்களுக்கு அந்தத் தெருவைக் காட்ட வேண்டும்.

நகரத்தையும் பார்த்தோம். பெல்லாஜியோ விடுதியின் நீரூற்று ஆடுவதையும், 2023-ல் திறந்த ‘ஸ்ஃபியர்’ கோளம் இரவெல்லாம் நிறம் மாறுவதையும் பேரப்பிள்ளைகள் கைதட்டிப் பார்த்தார்கள். அதைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். என் மனத்தில் நின்றது வேறு. பால் வாங்கச் சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனால், வாசலுக்குள் நுழைந்ததும் சூதாட்ட இயந்திரங்களின் வரிசை. பெட்ரோல் பங்கில் இருக்கிறது. விமான நிலையத்தில்கூட இருக்கிறது. வெளியூரிலிருந்து வருகிறவனுக்குத்தான் பாலைவனம் வேலி. அந்த நகரத்திலேயே குடியிருக்கிறவனுக்கு அது இல்லை. பால் வாங்க வந்த பெண்மணி ஒருவர் பையைக் கீழே வைத்துவிட்டு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். நாங்கள் சாமான் வாங்கித் திரும்பும்போதும் அதே இடத்தில்தான் இருந்தார்.

நடாஷா டவ் ஷூல் என்ற மானுடவியலாளர் லாஸ் வேகாஸில் பல ஆண்டுகள் கள ஆய்வு செய்து 2012-ல் ஒரு நூல் வெளியிட்டார். தொடர்ந்து ஆடுகிறவர்கள் ஜெயிப்பதற்காக ஆடவில்லை என்பது அவர் கண்டது. நேரமும் இடமும் உடம்பும் மறந்துபோகிற ஒரு நிலை வருகிறது. அந்த நிலையிலேயே நீடிப்பதற்காக ஆடுகிறார்கள். இருக்கையின் சாய்வு, ஒலி, ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் எல்லாமே அந்த நிலை கலையாதபடி வடிவமைக்கப்படுகின்றன.

இதைப் படித்தபோது எனக்குத் தறிதான் நினைவுக்கு வந்தது. நான் நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. கோர்வைப் புடவை நெய்கிறபோது, ஓடங்களை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வாங்கிவிட்டு, கரையையும் உடலையும் இழை இழையாகப் பிணைத்துக்கொண்டே போவதில் ஒரு நெசவாளி உலகத்தை மறப்பான். குழித்தறியில் உட்கார்ந்த என் அப்பா, பசித்து நாங்கள் கூப்பிட்டாலும் காதில் விழாமல் நெய்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த மறதியின் முடிவில் ஒரு புடவை இருக்கும், கூலி இருக்கும், எங்கோ ஒரு கல்யாணம் இருக்கும். கைக்குப் பழகிய லயத்தில் மனம் கரைவது மனிதனுக்கு இயல்பு. அந்த இயல்பைப் பிடித்துக்கொண்டு கையில் ஒன்றுமே மிஞ்சாதபடி செய்வதற்கு ஒரு தொழிற்சாலையே இயங்குகிறது. ஆகவே சூதில் விழுந்தவனைச் சோம்பேறி என்றும் பேராசைக்காரன் என்றும் ஏசுவதை நான் ஏற்கமாட்டேன். பொறுமையும் கவனமும் உள்ளவன்தான் அதில் ஆழமாக இறங்குகிறான். நெசவாளிக்கு இரண்டும் உண்டு.

எங்கள் ஊருக்குச் சமணக் காஞ்சி என்றும் பெயர். திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை விஜயநகரப் படைத்தலைவர் இருகப்பர் 1387-ல் கட்டினார். அதன் கூரையில் ரிஷபதேவர், வர்த்தமானர், கிருஷ்ணர் கதைகள் வரிசை வரிசையாக ஓவியங்களாக இருக்கின்றன. நாங்கள் சமணர் அல்லர். ஆனாலும் அந்தக் கோயில் நிழலில் விளையாடியவர்கள். சமணம் இல்லறத்தானுக்கு விலக்கும் ஏழு தீய பழக்கங்களை அங்கே ஒரு பெரியவர் எங்களுக்கு விரல்விட்டுச் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பட்டியலில் முதலில் நிற்பது சூது. வேட்டையும் களவும்கூட அதற்குப் பின்னால்தான். மற்றவற்றுக்கெல்லாம் அது வாசல் என்பார் அவர். லாஸ் வேகாஸின் மேற்குப் புறத்தில், சம்மர்லின் பகுதியில், ஓர் இந்து ஜைனக் கோயில் இருக்கிறது. மகள் அங்கே அழைத்துப்போனாள். சூதை முதல் தீமையாக வைத்த அறம் அந்த ஊரிலும் ஒரு வீடு கட்டிக்கொண்டிருப்பதில் எனக்கு அளவில்லாத ஆறுதல்.

நம் ஊருக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 1968-ல் அரசே பரிசுச் சீட்டு நடத்தத் தொடங்கியது. இடையில் நிறுத்தி, மறுபடி தொடங்கி, கடைசியில் 2003 ஜனவரியில் எல்லா லாட்டரியையும் அரசு தடைசெய்தது. தெருமுனையில் சீட்டு தொங்கிய கடைகள் மறைந்தன. சனிக்கிழமைக் கூலி வீடு வந்து சேர்ந்தது. அந்த மாற்றத்தை எங்கள் தெருப் பெண்கள் இன்றும் சொல்வார்கள். அதற்குப் பிறகு கைபேசியில் ரம்மி வந்தது. சீட்டு வாங்கத் தெருமுனை வரையாவது நடக்க வேண்டியிருந்தது. இதற்கு எழுந்திருக்கவே வேண்டாம். பாவு பிணைக்க ஆள் வரும்வரை காத்திருக்கிற நேரத்தில், தறி மேலேயே கைபேசியை வைத்துக்கொண்டு, அடுத்த புடவைக்கு வாங்கிய முன்பணத்தை ஒருவன் இழந்துவிட முடியும். பக்கத்தில் உட்கார்ந்து இழை எடுத்துக்கொடுக்கும் மனைவிக்குக்கூடத் தெரியாது.

சட்டம் விடாமல் முயன்றிருக்கிறது. இணைய ரம்மிக்கு வந்த முதல் தடையை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைத்து, 2022-ல் புதிய மசோதா நிறைவேறி, ஆளுநர் திருப்பி அனுப்பி, மறுபடி நிறைவேறி, 2023 ஏப்ரலில்தான் அது சட்டமானது. அந்த நவம்பரிலேயே ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று நீதிமன்றம் அவற்றை விலக்கிவிட்டது. நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆடக் கூடாது என்ற மாநில விதியை 2025 ஜூனில் ஏற்றுக்கொண்டது. தூரத்தால் கட்ட முடியாத வேலியை நேரத்தால் கட்டப் பார்த்த விதி அது. நான் அதை மதிக்கிறேன். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை நாடு முழுவதும் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. இது உறுதியாக நிற்க வேண்டும். திறமையா, அதிர்ஷ்டமா என்ற வழக்காடலில் எனக்கு அக்கறை இல்லை. கூலிக்காரனுக்கும் அந்த ஆட்டத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதே கேள்வி. அணை கட்டிய தொழிலாளிக்கு அந்த அரசு கொஞ்சம் தூரத்தையாவது கொடுத்தது.

சட்டம் எட்டாத இடத்தில் வீட்டார்தான் வேலி. உங்கள் வீட்டில் ஒருவர் இரவில் தனியாகக் கைபேசியோடு விழித்திருந்தால், வாங்கிய முன்பணத்துக்குக் கணக்குச் சொல்லத் தயங்கினால், திட்டாமல் பக்கத்தில் உட்காருங்கள். கடனை மறைக்காமல் சொல்ல வழி விடுங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவி இரவு பகலாகக் கிடைக்கிறது. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.